ஐதராபாத் தந்த பந்தாட்ட வாத்தியார்
ரஹீம் சாகிபின் வாழ்க்கை வரலாறு

மக்கள் தொகையில் நம் நாடு மிகப் பெரியது. கால்பந்து உலகிலோ மிகச் சிறியது. உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியா ஒரு முறை கூட ஆடியதில்லை. நம்முடைய ஒரு மாவட்டத்தின் மக்கள் தொகை கூட இல்லாத நாடுகள் அங்கே சென்று கொடி பிடித்து நடக்கின்றன. நாம் இரவில் கண் விழித்துத் தொலைக்காட்சியில் பார்ப்பதோடு சரி.

ஆனால் ஒரு காலம் இருந்தது. ஒலிம்பிக் பந்தயத்தில் நான்காவது இடம், ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கப் பதக்கங்கள் என்று இந்தியக் கால்பந்து தலை நிமிர்ந்து நின்ற காலம். அந்தக் காலத்தை உருவாக்கியவர் மந்திரியோ மகாராஜாவோ அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். ஆந்திரத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அவர் அயலார் அல்லர். நம் மாநிலத்தின் தலைநகராக நீண்ட காலம் விளங்கிய ஐதராபாத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே மறைந்தவர். அவர் வளர்த்த ஆட்டக்காரர்களில் தமிழர்களும் உண்டு.

பாலசமுத்திரம், நகரி, புத்தூர் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பத்து விரலும் மடக்கிச் சொல்லி விடுவார்கள். ரஹீமின் பெயரைச் சொல்பவர் அரிது. 2024-ல் அவரைப் பற்றி ஓர் இந்திப் படம் வந்த பிறகுதான் பலரும் அவர் யார் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். சினிமா வேறு, வாழ்க்கை வேறு. அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக இங்கே பார்ப்போம்.

வாத்தியார் வேலை

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி பிறந்தார். அப்போது ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்தது. உஸ்மானியா பல்கலைக் கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். கல்லூரி நாட்களிலேயே பல்கலைக் கழக அணியில் ஆடினார். சிட்டி காலேஜ் பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்திய குழுவிலும் ஆடினார். ஆட்டக்காரர் என்ற முறையில் அவர் நாடறிந்தவர் அல்லர். அவருடைய திறமை காலில் இருந்ததை விடத் தலையில் அதிகம் இருந்தது.

படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியரானார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி எனப் பல பள்ளிகளில் பணி புரிந்தார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியிலும் பட்டயம் பெற்று, பள்ளி விளையாட்டுகளின் பொறுப்பை ஏற்றார். வகுப்பில் பாடம் நடத்துவது போலவே மைதானத்திலும் பாடம் நடத்தலாம் என்ற எண்ணம் அவருக்கு இங்கேதான் வேர் விட்டது. மந்தமான மாணவனுக்கு எப்படிச் சொல்வது, கெட்டிக்கார மாணவனின் கர்வத்தை எப்படி அடக்குவது, எல்லாரையும் ஒரே வகுப்பாக எப்படி நடத்திச் செல்வது என்பதெல்லாம் ஆசிரியத் தொழில் கற்றுக் கொடுக்கும் வித்தைகள். பிற்காலத்தில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களை அவர் இந்த வித்தையைக் கொண்டுதான் ஆண்டார்.

1940-களின் தொடக்கத்தில் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1950-ல் ஐதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியாளரானார். அங்கிருந்துதான் அவருடைய புகழ் பரவத் தொடங்கியது.

போலீஸ் அணியின் பொற்காலம்

அந்நாளில் கால்பந்து என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று குழுக்களின் பெயரைச் சொன்னாலே மற்ற ஊர் அணிகள் தயங்கும். தென்னாட்டிலிருந்து நல்ல ஆட்டக்காரன் ஒருவன் தலையெடுத்தால் அடுத்த ஆண்டே கல்கத்தாவுக்கு ரயில் ஏறி விடுவான். பெங்களூரிலிருந்து வெங்கடேஷ், தன்ராஜ், காக்கிநாடாவிலிருந்து அப்பாராவ் என்று ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையே தென்னாட்டவரால் நிறைந்திருந்தது.

அப்படிப்பட்ட நாளில், சொந்த ஊர்ப் போலீஸ்காரர்களை வைத்துக்கொண்டு ரஹீம் ஓர் அணியை அமைத்தார். பம்பாயில் நடைபெற்று வந்த ரோவர்ஸ் கோப்பையை ஐதராபாத் நகரப் போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் வென்றது. அந்நாளில் டில்லியில் நடைபெற்று வந்த டூரண்டு கோப்பையை 1950-ல் மோகன் பகானைத் தோற்கடித்து வென்றது. பின்னர் 1954-லும் 1957-லும் அதே கோப்பை ஐதராபாத்துக்கு வந்தது. 1961-ல் ஆந்திரப் போலீஸ் என்ற பெயரில் மீண்டும் வந்தது. மாநிலங்களுக்கிடையே நடக்கும் சந்தோஷ் கோப்பையையும் ஐதராபாத் அணி 1956, 1957 ஆகிய இரண்டு பருவங்களில் அடுத்தடுத்து வென்றது. கல்கத்தாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நூதனமான பயிற்சி

ரஹீம் செய்த மாறுதல்கள் எவை? அவற்றைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

இந்திய ஆட்டக்காரர்கள் பந்தைக் காலோடு காலாக ஒட்டி, எதிரியை ஒருவர் பின் ஒருவராக ஏமாற்றிக் கொண்டு போவதில் சமர்த்தர்கள். கூட்டம் கை தட்டும். ஆனால் நம்மவர்கள் உயரத்திலும் எடையிலும் ஐரோப்பியர்களுக்குக் குறைந்தவர்கள். பந்தைக் காலில் வைத்திருக்கும் நேரம் கூடக் கூட, பெரிய உடம்புக்காரன் வந்து மோதித் தள்ளி விடுவான். ஆகையால் பந்து காலுக்கு வந்த உடனே அதைத் தோழனுக்குத் தள்ளி விட்டு, வெறும் இடத்துக்கு ஓட வேண்டும் என்றார் ரஹீம். மோதலுக்கு ஆளே அகப்படாதபடி ஆடுவது அவர் முறை.

இதைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, பழக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதற்காகப் போட்டிகளையே புதிதாக ஏற்படுத்தினார். ஒரு போட்டியில் எதிரியை ஏமாற்றிப் பந்தைக் கொண்டு போகவே கூடாது. பந்து வந்ததும் கொடுத்து விட வேண்டும். இன்னொரு போட்டியில் பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும். வலக்காலன் இடக்காலால் ஆட வேண்டும், இடக்காலன் வலக்காலால் ஆட வேண்டும். முதலில் சிரிப்பாக இருந்திருக்கும். ஒரு பருவம் ஆடி முடித்த பையனுக்கு இரண்டு காலும் ஒன்றாகி விடும். உயரத்தையும் எடையையும் அளந்து, சிறுவர்களுக்குத் தனிப் போட்டிகள் வைத்தார். சிறிய பையனைப் பெரிய பையன் மிதித்து, அவன் பயந்து ஆட்டத்தையே விட்டு விடக் கூடாது என்பது அதன் நோக்கம்.

அணி வகுப்பிலும் அவர் காலத்துக்கு முந்தியே சிந்தித்தார். மற்ற அணிகள் பழைய முறையில் ஐந்து பேரை முன்வரிசையில் நிறுத்தி ஆடிக் கொண்டிருந்தன. 1953-ல் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்திய ஹங்கேரி அணி, நடு முன்வரிசை ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து ஆட வைத்து உலகையே வியக்க வைத்தது. அந்த உத்தியை ரஹீம் இந்தியாவில் கையாண்டார். பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர் என்னும் அமைப்பு 1958 உலகக் கோப்பையில் பிரேசில் வென்ற பிறகுதான் உலகப் புகழ் பெற்றது. ஐதராபாத் வாத்தியார் அதற்கு முன்பே அந்தத் திசையில் நடக்கத் தொடங்கி விட்டார்.

வெறுங்காலும் பூட்சும்

இந்திய அணியின் பொறுப்பு அவர் கைக்கு வந்த காலத்தில், நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலால்தான் ஆடினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து அப்படித்தான் ஆடினார்கள். 2—1 என்ற கணக்கில் தோற்ற அந்த ஆட்டத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளும் வீணாகாமல் இருந்திருந்தால் வெற்றியே கிடைத்திருக்கும்.

1950-ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தும் நாம் போகவில்லை. வெறுங்காலால் ஆட அனுமதி இல்லை என்பதால்தான் போகவில்லை என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. அது முழு உண்மையல்ல. நீண்ட கப்பல் பயணம், பயிற்சிக்குப் போதிய நேரமின்மை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒலிம்பிக்கைத் தவிர வேறெதையும் பெரிதாக மதிக்காத நிர்வாகிகளின் போக்கு, இவையே காரணங்கள். கை நழுவிய அந்த வாய்ப்பு மறுபடி கிடைக்கவே இல்லை.

1951-ல் டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ரஹீமின் பயிற்சியில் சைலேன் மன்னாவின் தலைமையில் இந்தியா இறங்கியது. இந்தோனேஷியாவை 3—0, ஆப்கானிஸ்தானை 3—0 என்று வென்று, இறுதி ஆட்டத்தில் ஈரானைச் சந்தித்தது. மேவாலால் போட்ட ஒரே கோலால் இந்தியா வென்று தங்கப் பதக்கம் பெற்றது. நாடு விடுதலை பெற்று நான்கு ஆண்டுகள் கூட நிறையாத நேரம். மக்களின் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிர் தேசம். வெறுங்கால் ஆட்டக்காரர்கள் யூகோஸ்லாவியாவிடம் 10—1 என்ற கணக்கில் படு தோல்வி அடைந்தார்கள். நமக்குக் கிடைத்த ஒற்றைக் கோலைப் போட்டவர் அகமது கான். அதன் பிறகுதான் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் விதி செய்தது.

இப்படி ஓர் அடி விழுந்தால் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். தோல்வியைக் கண்டு ஆட்டத்தையே வெறுத்து ஒதுங்குவோரும் உண்டு. ரஹீம் இரண்டில் எதற்கும் ஆளாகவில்லை. தேர்வில் தவறிய மாணவனின் விடைத்தாளை ஆசிரியர் பார்ப்பது போல, எங்கே தவறு என்று பார்த்தார். பூட்ஸ் மட்டும் காரணமல்ல. உள்நாட்டுப் பந்தயங்கள் அப்போது 70 நிமிடமே நடந்தன. வெளிநாட்டில் 90 நிமிடம் ஓட வேண்டும். மூச்சு தாங்கவில்லை. காலணியைப் பழக்குவது, மூச்சைப் பெருக்குவது, கூடி ஆடுவது ஆகிய மூன்றையும் நான்கு ஆண்டுக்குள் சரி செய்ய முனைந்தார்.

மெல்போர்ன் அதிசயம்

1956 நவம்பர் 1-ந் தேதி ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 1-ந் தேதி, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரஹீமின் அணி ஒலிம்பிக் மைதானத்தில் இறங்கியது. முதல் சுற்றில் எதிர்த்து ஆட வேண்டிய ஹங்கேரி, சோவியத் படை அந்நாட்டில் நுழைந்த குழப்பத்தில் விலகிக் கொண்டதால் இந்தியா ஆடாமலே அடுத்த சுற்றுக்கு வந்திருந்தது.

எதிரே நின்றது போட்டியை நடத்திய ஆஸ்திரேலியா. இந்தியா 4—2 என்று வென்றது. பம்பாயைச் சேர்ந்த நெவில் டிசோசா மூன்று கோல்களைப் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவரே. நான்காவது கோல் கிட்டு என்று எல்லாரும் அழைத்த கிருஷ்ணசாமியுடையது. அரை இறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது.

அரை இறுதியில் எதிரே வந்தது யார்? நான்கு ஆண்டுக்கு முன் பத்து கோல் போட்டு அவமானப்படுத்திய அதே யூகோஸ்லாவியா. இடைவேளை வரை இரு தரப்பும் கோல் போடவில்லை. இடைவேளைக்குப் பின் முதல் கோலைப் போட்டவர் டிசோசா, முந்தியது இந்தியா! சிறிது நேரம் உலகமே தலைகீழாக நின்றது. பிறகு யூகோஸ்லாவியர்களின் அனுபவம் வென்றது. முடிவு 4—1. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3—0 என்று தோற்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது. பதக்கம் இல்லைதான். ஆனால் ஹெல்சிங்கியில் பத்துக்கு ஒன்று. மெல்போர்னில் முந்தி நின்று போராடி நாலுக்கு ஒன்று. அந்த இடைவெளியில்தான் ரஹீமின் நான்கு ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது.

அந்த அணியில் ஐதராபாத்தைச் சேர்ந்தவர்கள் பலர். அவர்களுள் இருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

தங்கராஜும் பலராமும்

பீட்டர் தங்கராஜ் 1935-ல் ஐதராபாத்தில் பிறந்த தமிழர். செகந்திராபாத் சிறு குழுக்களில் ஆடத் தொடங்கி, பட்டாளத்தில் சேர்ந்து, மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் இடம் பெற்றார். முதலில் முன்வரிசையில் கோல் போடுபவராக இருந்தார். பின்னர்தான் கோல் காப்பவரானார். நெடிய உருவம், நீண்ட கைகள். 1955-லும் 1958-லும் டூரண்டு கோப்பையை வென்ற பட்டாள அணியின் தூண் அவர். மெல்போர்ன், ரோம் ஆகிய இரு ஒலிம்பிக் அணிகளிலும் இருந்தார். ஆசியாவிலேயே சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார். 2008-ல் காலமானார்.

துளசிதாஸ் பலராம் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவைச் சேர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளை. பையனின் ஆட்டத்தைக் கண்ட ரஹீம் அவனைப் பயிற்சிக்கு வரச் சொன்னார். அம்முகுடாவிலிருந்து ஐதராபாத்துக்கு வந்து போக அவனிடம் காசில்லை. வாடகைச் சைக்கிளுக்கான பணத்தை ரஹீமே கொடுத்து வரவழைத்தார் என்று சொல்வார்கள். அந்தப் பையன் மெல்போர்ன் போனான், ரோம் போனான், ஜகார்த்தா போனான். இந்தியாவின் தலைசிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவனானான். 2023-ல் மறைந்தார் பலராம்.

திறமை எங்கே இருக்கிறது என்று கண்டு பிடிப்பது ஒரு பங்கு; அது வறுமையால் வாடி விடாமல் காப்பது மற்றொரு பங்கு. இரண்டையும் செய்தவர் ரஹீம்.

ரோமாபுரியில்

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு வாய்த்த பிரிவு மிகக் கடினமானது. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு என்று மூன்றும் பலமான அணிகள். பி.கே. பானர்ஜி தலைவர். அவர் கிழக்கு ரயில்வேயில் பணி புரிந்தவர். 1958-ல் மூன்று பெரிய குழுக்களையும் பின்னுக்குத் தள்ளி, கிழக்கு ரயில்வே கல்கத்தா லீக் பட்டம் வென்றது அவர் ஆடிய காலத்தில்தான். ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது இன்றும் பெருமை.

ஹங்கேரியிடம் இந்தியா தோற்றது 2—1 என்ற கணக்கில் மட்டுமே. இந்தியாவின் கோல் பலராமுடையது. பிரான்சுடன் 1—1 என்று சமன். இந்தியாவின் கோலை பானர்ஜி போட்டார். பெருவிடம் 3—1 என்று தோல்வி. அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை. ஆயினும் பெரிய நாடுகளோடு சரி நிகராக ஆடிய அணி என்று பெயர் எடுத்துத் திரும்பினார்கள். தஞ்சைத் தரணியின் சைமன் சுந்தரராஜ் அந்த அணியில் இருந்தார். பிற்காலத்தில் 1973-ல் கேரளம் முதன் முதலாக சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் அவர்தான். ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் ரோம் அணியில் இடம் பெற்றிருந்தார்.

அதன் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் மைதானத்தில் கால் வைத்ததே இல்லை.

ஜகார்த்தாவில் நெருப்பு

1962-ல் இந்தோனேஷியாவின் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு. ரஹீம் அப்போதே உடல் நலிந்திருந்தார். சிகரெட் அவரை விட்டுப் பிரியாத பழக்கம் என்று உடன் இருந்தோர் சொல்வார்கள். இருமலோடுதான் மைதானத்துக்கு வருவார்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2—0 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4—1, ஜப்பானை 2—0 என்று வென்று அரை இறுதிக்கு வந்தார்கள். ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பு வரிசையின் பலமான ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட வேண்டி வந்தது.

மைதானத்துக்கு வெளியே வேறொரு தொல்லை. இஸ்ரேல், தைவான் நாட்டு வீரர்களுக்கு இந்தோனேஷியா விசா தரவில்லை. ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தின் மூத்த பிரமுகரான இந்தியர் ஜி.டி. சோந்தி அதைக் கண்டித்து, இது ஆசிய விளையாட்டு என்ற பெயருக்கே தகுமா என்று கேள்வி எழுப்பினார். ஜகார்த்தா மக்களின் கோபம் இந்தியாவின் மீது திரும்பியது. இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. நம் ஆட்டக்காரர்கள் தங்கள் பஸ்ஸில் தேசியக் கொடியைக் காட்டாமல் போக வேண்டிய நிலை. தலைப்பாகையால் அடையாளம் தெரிந்து விடும் என்று ஜர்னெயில் சிங்கைப் பஸ்ஸில் தலை குனிந்து உட்காரச் சொன்னார்கள்.

அரை இறுதிக்கு முன் ரஹீம் எடுத்த முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது. தலையில் கட்டுடன் இருந்த ஜர்னெயில் சிங்கை, தடுப்பு வரிசையில் அல்ல, முன்வரிசையில் நடுவே நிறுத்தினார். அடிபட்ட தலையால் பின்னால் நின்று பந்தை முட்டித் தள்ள முடியாது. ஆனால் அவருடைய உடல் பலமும் துணிவும் எதிரியின் தடுப்பைக் கலக்கும் என்பது கணக்கு. கணக்குப் பொய்க்கவில்லை. தென் வியத்நாமை இந்தியா 3—2 என்று வென்றது. சூனி கோஸ்வாமி இரண்டு கோல், ஜர்னெயில் சிங் ஒரு கோல்.

செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரே முதல் நாளில் நம்மை வீழ்த்திய அதே தென் கொரியா. தங்கராஜ் காய்ச்சலில் இருந்தார். இடையில் நடந்த ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காத்திருந்தார். ஆனால் கொரியர்கள் உயரப் பந்தை அடித்து ஆடுபவர்கள் என்பதால், நெடியவரான தங்கராஜே வேண்டும் என்று ரஹீம் தீர்மானித்தார். காய்ச்சலோடு ஒருவர், தையலோடு ஒருவர், நோயோடு பயிற்சியாளர். முந்தின இரவு ஆட்டக்காரர்களுக்குத் தூக்கம் வரவில்லை. ரஹீம் அவர்களை அழைத்துக்கொண்டு காலாற நடந்தார் என்றும், அவர்களிடம் தமக்கென்று ஒரே ஒரு பரிசு கேட்டார் என்றும், அது தங்கப் பதக்கம்தான் என்றும் அந்த அணியினர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்கள்.

ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நிறைந்த அரங்கம். இந்தியர் காலில் பந்து பட்டாலே கூச்சல். இந்திய அணிக்காகக் கை தட்டியவர்கள் சொற்பம். அவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள் என்பது மனதில் நிறுத்த வேண்டிய செய்தி. 17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். மூன்று நிமிடம் கழித்து ஜர்னெயில் சிங் இரண்டாவது கோலைப் போட்டார். கடைசிக் கட்டத்தில் கொரியர்கள் ஒன்றைத் திருப்பினார்கள். முடிவு 2—1. தங்கம் இந்தியாவுக்கு.

அந்த அணியில் தங்கராஜோடு அருமைநாயகம், எதிராஜ் ஆகிய பெயர்களும் உண்டு. ஆந்திரப் போலீஸின் யூசுப் கான் இறுதி ஆட்டத்தில் ஆடினார். மதம், மொழி, மாநிலம் என்று பிரித்துப் பார்த்தால் பதினொரு பேரும் பதினொரு திசை. ஒரே அணியாக ஆக்கியது வாத்தியாரின் கை.

மறைவும் மறதியும்

தங்கப் பதக்கத்தோடு திரும்பிய ரஹீமை நோய் விடவில்லை. நுரையீரல் புற்று நோய். வெற்றி பெற்ற ஒன்பதே மாதங்களில், 1963 ஜூன் 11-ந் தேதி காலமானார். வயது 53.

அவருக்குப் பின் இந்திய அணி உடனே சரிந்து விடவில்லை. 1964-ல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றது. 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றது. அந்த அணிக்குத் தலைவர் ஐதராபாத்தின் நயீமுத்தீன். அவர் போட்ட விதையின் விளைச்சல் அது வரைக்கும் வந்தது. பின்னர் வயல் காய்ந்தது. 1962-க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவே இல்லை. ஐதராபாத்திலும் போலீஸ் அணியின் பெருமை கதையாகி விட்டது.

சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை மத்திய அரசு ஏற்படுத்தியது 1985-ல்தான். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே துரோணர் போய் விட்டார். அவருடைய சீடர்களில் பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020-ல் மறைந்தார்கள். மகன் ஹக்கீம் விமானப் படை அதிகாரியாகவும் சர்வதேச நடுவராகவும் விளங்கி, 2021-ல் காலமானார். நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கொண்டிருக்கிறார்கள்.

நமக்கு என்ன பாடம்?

ரஹீமிடம் புல் தரை மைதானங்கள் வரிசையாக இல்லை. வெளிநாட்டு நிபுணர்கள் இல்லை. கோடிக்கணக்கான ரூபாய் இல்லை. இருந்தவை, ஒரு மைதானம், ஒரு விசில், சில பந்துகள், பையன்களைக் கூர்ந்து பார்க்கும் கண். பழக்கமில்லாத காலால் ஆடும் போட்டியை நடத்தப் பணம் தேவையில்லை. உயரத்தை அளந்து சிறுவர்களைப் பிரித்து ஆட வைக்க ஓர் அளவுகோல் போதும். பந்து வந்ததும் தோழனுக்குக் கொடு என்று பழக்க, பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் போதும்.

சித்தூர் மாவட்டத்திலும் திருப்பதி மாவட்டத்திலும் உள்ள தமிழ்ப் பள்ளிகளிலும் தெலுங்குப் பள்ளிகளிலும் மைதானம் இல்லாத பள்ளி குறைவு. மாலை வேளையில் அதில் நின்று சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்தான் குறைவு. மட்டைக்கும் காலுறைக்கும் தலைக்கவசத்துக்கும் காசு கேட்கும் ஆட்டம் ஒன்று இருக்கட்டும். ஒரே ஒரு பந்தை வாங்கிப் போட்டால் இருபத்திரண்டு பிள்ளைகள் ஓடி ஆடும் ஆட்டமும் ஒன்று இருக்கட்டும்.

பெரிய நாடு என்பதால் ஆட்டம் வந்து விடாது. சிறிய நாடு என்பதால் வராமலும் போகாது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நினைத்தால் வரும் என்பதற்கு ஐதராபாத் ரஹீம் சாகிபின் வாழ்க்கையே அத்தாட்சி. அம்முகுடாவிலிருந்து வாடகைச் சைக்கிளில் வந்த பலராம் போல எத்தனையோ பையன்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நின்று, சைக்கிளுக்குக் காசு கொடுக்க ஒரு ரஹீம்தான் வேண்டும்.